கைதூக்கம்மா வீட்டில் சாப்பிட்டவருக்கெல்லாம் ஓட்டு

போன மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்தில், என் வலது கை என்னைக் கேட்காமலே மேலே போய்விட்டது.

மொட்டை மாடியில் துணி காயப்போடலாமா கூடாதா என்பதுதான் விவாதம். ஈரத்துணியில் இவ்வளவு அரசியல் இருக்கிறது என்று எனக்குச் சென்னைக்கு வந்த பிறகுதான் தெரியும். "போடலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார் செயலாளர். தூக்கினேன். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"நீங்க செகண்ட் ஃப்ளோர் டெனன்ட்தானேம்மா? ஓனருங்களுக்குத்தான் ஓட்டு. கைய இறக்குங்க."

"துணி என்னோடதுதானே சார்?"

"துணி உங்களோடது. மாடி எங்களோடது."

நியாயம்தான். ஆனால் கை இறங்க மாட்டேன் என்றது. அப்படியே தேர் மாதிரி நின்றது. அந்த நிமிடம்தான் எனக்குப் பொறி தட்டியது. அட, இது நெய்வேலி டவுன்ஷிப்பில் கைதூக்கம்மா பழக்கிவிட்ட கை அல்லவா! அவரைப் பற்றி இத்தனை நாள் எழுதாமல் என்ன செய்துகொண்டிருந்தேன்?

கத்திரிக்காய்க் குழம்பா முருங்கைக்காய்க் குழம்பா என்பதற்குப் பொதுத்தேர்தல் நடத்திய ஒரே தாய் இந்தப் பூமியில் அவர்தான். இன்னொருவர் இருப்பதாக யாராவது நிரூபித்தால், அவர் வீட்டு வாசலில் போய் நின்று இரண்டு கையையும் தூக்குகிறேன்.

அவருக்கு நிஜப்பெயர் ஒன்று உண்டு. எங்கள் பிளாக்கில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் கைதூக்கம்மா. முகத்துக்கு நேரே எனக்கு அத்தை. கணவருக்கு, அதாவது மாமாவுக்கு, நிலக்கரி மைன்ஸில் ஷிஃப்ட் வேலை. மகள் பவித்ரா என் வகுப்பு. அவள் தம்பி அருண், பால்பல் விழுவதற்கு முன்பே அரசியல்வாதி.

அவர்கள் வீட்டுக்குள் எங்கள் குடும்பம் நுழைந்ததே ஒரு தூக்கக் கலக்கத்தில்தான். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரே தட்டில் வெந்த இட்லிகள். அதே சுவர், அதே கேட், கதவுக்குப் பின்னால் பை மாட்ட அதே இடத்தில் அதே ஆணி. நாங்கள் அப்போதுதான் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு வீடு மாறியிருந்தோம். அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் வந்தவர், ஒரு தெரு முன்னாலேயே திரும்பிவிட்டார். திறந்திருந்த கதவுக்குள் நுழைந்தார். பையை ஆணியில் மாட்டினார். ஆணி இருந்ததால் சந்தேகமே வரவில்லை. முன்னறைக் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார்.

சமையலறையிலிருந்து வந்த அத்தை, முன்பின் தெரியாத ஓர் ஆள் தன் வீட்டுக் கட்டிலில் குறட்டை விடுவதைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் தெருவே கூடியிருக்கும். அத்தை ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வைத்தார். இட்லி வெந்ததும் எழுப்பினார்.

"எழுந்திருங்கண்ணே, இட்லி ஆறிப்போவுது."

அப்பா கண்ணைத் திறக்காமலே, "சட்னி கெட்டியா இருக்கட்டும், மல்லிகா" என்றார்.

"மல்லிகா யாருண்ணே?"

அப்பா எழுந்து உட்கார்ந்த வேகத்தைக் கட்டில் வெகுநாள் ஞாபகம் வைத்திருந்ததாம். எங்கள் அப்பா தென்காசிப் பக்கத்துக்காரர். "ஐயோ, வீடு மாறி வந்துட்டேம்மா, மன்னிச்சுக்கிடுங்க..."

"மன்னிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நைட் ஷிஃப்ட் பாத்துக்கினு வந்த வயிறு. உக்காருங்க."

அந்த நேரத்தில் அந்த வீட்டில் ஒரு வாக்கெடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. பரீட்சை முடிகிறவரை டி.வி.யை மூடிவைக்கலாமா? பவித்ரா ஆதரவு, அருண் எதிர்ப்பு. மாமா காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டார். சமநிலை. அத்தை அப்பா பக்கம் திரும்பினார்.

"எங்க வூட்டுச் சட்டம் இன்னான்னா, இந்த வூட்ல சாப்ட்டவங்களுக்கு இந்த வூட்ல ஓட்டு. நீங்க சொல்லுங்கண்ணே."

வாய் நிறைய இட்லியோடு அப்பா அருணின் முகத்தைப் பார்த்து, அவன் கட்சியில் சேர்ந்தார். கையைத் தூக்கினார். சட்னி முழங்கை வரை வழிந்தது. டி.வி. பிழைத்தது.

அம்மாவும் நானும் தேடிக்கொண்டு வந்து, வாசலில் கிடந்த செருப்பை வைத்து அப்பாவைக் கண்டுபிடித்தோம். பவித்ரா கண்ணைக் கசக்கிக்கொண்டு என் அம்மாவிடம் முறையிட்டாள்: "ஆன்ட்டி, மூணு இட்லிய சாப்ட்டுட்டு உங்க வீட்டு அங்கிள் எங்க ஆட்சியையே கவுத்துட்டாரு!"

அன்றிலிருந்து நான் பாதிச் சாப்பாடு அங்கேதான். ஆகவே எனக்கும் ஓட்டு.

கூட்டம் நடக்கும் விதம் இது. நாங்கள் தட்டோடு வரிசையாக உட்காருவோம். அத்தை சமையலறை வாசலில் கரண்டியோடு நிற்பார். பரிமாறிவிட்டுத் தீர்மானத்தைச் சொல்வார். எண்ணி முடித்ததும் கரண்டியை உயர்த்தினால் முடிவு அறிவிப்பு. தோற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஜெயித்த குழம்பைத்தான் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

அருண் ஒருமுறை பாகற்காய்க்கு எதிராக ஓட்டுப் போட எனக்குக் கொய்யாப்பழம் கொடுத்தான். நான் அதைக் கடித்துக்கொண்டே கை தூக்கியதில் மாட்டிக்கொண்டோம். அத்தை தேர்தலை ரத்து செய்தார். கொய்யாவைப் பறிமுதல் செய்தார். மறு வாக்கெடுப்பில் பாகற்காய் அமோக வெற்றி. அடுத்த நாளும் பாகற்காய், அது தண்டனையாம்.

மாமா ஷிஃப்டில் இருந்தால் போனில் ஓட்டு. அதிலும் வாயால் சொன்னால் செல்லாது. அங்கேயும் கை தூக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கிச் சாட்சி சொல்ல வேண்டும். ஒருநாள் மாமா டீ குடிக்க ரோட்டோரம் வந்து நின்றபோது போன் வந்தது. வற்றல் குழம்புக்காக நெஞ்சை நிமிர்த்திக் கையை உயர்த்தினார். எதிரே வந்துகொண்டிருந்த கான்ட்ராக்ட் லாரிக்காரருக்குக் கை தூக்கினால் ஒரே அர்த்தம்தான்: நிறுத்து. நிறுத்தினார். பின்னால் வந்த லாரி நின்றது. அதற்குப் பின்னாலும் நின்றது. டிரைவர் குதித்து ஓடி வந்தார்.

"இன்னா சார், இன்னா ஆச்சு?"

மாமா கையை இறக்காமல், மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணும் இல்லப்பா... வத்தக்குழம்பு."

"அவரு கை தூக்கிக்கினுதான் நிக்கிறாரும்மா" என்று அந்த டிரைவரே போனை வாங்கிச் சாட்சியும் சொன்னார். ஓட்டு செல்லும் என்று அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு ஓட்டு நடந்த வீட்டில் ஒருவர் மட்டும் ஒருமுறைகூடக் கை தூக்கியதில்லை. அத்தைதான். பவித்ரா கேட்டிருக்கிறாள்: "நீ ஏம்மா ஓட்டுப் போட மாட்டேங்கற?"

"நான் இன்னும் சாப்டலயே" என்று கரண்டியை ஆட்டிச் சிரிப்பார். கூட்டம் நடக்கும்போது தலைவர் வாயில் சோறு இருக்கலாமா என்பது அவர் வாதம். நாங்களும் சிரித்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவோம். அதன்பிறகு அவர் பானையின் அடியைச் சுரண்டித் தனியாகச் சாப்பிடுவார். ஒருமுறை, தான் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளலாமா என்று தன்னைப் பற்றியே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். விழுந்து வைப்பார் என்று மாமா பயந்தார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று பிள்ளைகள் பயந்தார்கள். ஒரு கைகூட எழவில்லை. அத்தை கரண்டியை உயர்த்தித் தன் தோல்வியைத் தானே அறிவித்துவிட்டு, யாருக்கு ரசம் என்று கேட்டார்.

போன வருடம் மாமா ரிட்டயர் ஆனார். டவுன்ஷிப்பில் வேலை இருக்கிறவரைதான் வீடு. ரிட்டயர் ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது பல் விழுகிற மாதிரி, வரும் என்று தெரிந்த விஷயம். வந்தபோதுதான் வாய் பொக்கையாகத் தெரிந்தது.

எங்கே போவது? அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பெரிய வாக்கெடுப்பு. பவித்ராவும் அருணும் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். நானும் அவர்களோடு தொற்றிக்கொண்டேன். அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் அப்பா மட்டும் தட்டோடு ஆஜர்.

மாமாவின் கட்சி, அவர் சொந்த ஊரான காடாம்புலியூர். அங்கே அவர் பங்கு முந்திரித் தோப்பு ஓரமாக ஒரு வீடு கட்டலாம். அப்பா உடனே கை தூக்கினார். பிள்ளைகள் கட்சி சென்னை. இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா, யோசிக்காத. சென்னைன்னா உனக்கும் தினம் சோறு" என்றான் அருண். கொய்யாக் காலத்திலிருந்து ஆள் மாறவே இல்லை.

"ஏட்டி, பலாப்பழம்! காடாம்புலியூர்ப் பலாப்பழம்!" என்றார் அப்பா.

நான் அத்தையைப் பார்த்தேன். அதே வாசல், அதே கரண்டி. ஆனால் கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுகூடக் கீழே விடாதவர், தரையைப் பார்க்கவே இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்த, நீங்க எங்க போணும்ங்கறீங்க?"

"நானா? நான் இன்னும் சாப்டலயே" என்றார்.

அருண் பழக்கத்தில் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. சாப்பிட்டவருக்கு ஓட்டு என்று சட்டம் போட்டவர், எல்லோருக்கும் கடைசியில் சாப்பிடுகிறவர். நான் எழுந்து ஒரு தட்டைக் கழுவி எடுத்து வந்தேன்.

"உக்காருங்க."

"அடி போடி இவளே. கூட்டம் நடக்கறப்ப..."

"சட்டம்த்த. உங்க சட்டம்."

பவித்ரா கரண்டியைப் பிடுங்கினாள். மாமா நகர்ந்து இடம் விட்டார். அத்தை உட்கார்ந்தார். நாங்கள் நின்றுகொண்டு பரிமாற, அவர் சாப்பிட்டார். அவசரமே படவில்லை. சாம்பாருக்குப் பிறகு ரசம் கேட்டார்.

"ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி ரசம் வேற கேக்குது பாரு" என்றான் அருண்.

"ரெண்டாந்தரம் அப்பளம் இருக்காடா?" என்றார் அத்தை.

மோருக்கு வந்தபோது கையைத் தூக்கினார். இடது கை. வலது கை முழுக்க மோர்ச்சோறு.

"வடக்குத்து."

அந்தப் பெயர் தீர்மானத்திலேயே இல்லை. டவுன்ஷிப்பை ஒட்டிய ஊர், நடந்தே வந்துவிடலாம்.

"அங்க ஒரு வாடகை வூடு போதும்" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "காடாம்புலியூருக்குப் போனா நான் மருமவ. சென்னைக்கு வந்தா மாமியாரு, அப்புறம் ஆயா. இங்க மட்டும்தாண்டி நான் கைதூக்கம்மா."

அந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

"இந்த ஊர்ல எவனாச்சும் தூக்கக் கலக்கத்துல வூடு மாறி வந்தான்னா, இட்லி வச்சுக் குடுக்க ஆள் வாணாமா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் கை தூக்கினேன், வடக்குத்துக்கு. இரண்டு, இரண்டு, இரண்டு. மும்முனைப் போட்டி. தலைவரே சாப்பிட்டுக்கொண்டிருக்க, கரண்டியை வைத்துக்கொண்டு பவித்ரா விழித்தாள்.

அப்போது மாமா, காடாம்புலியூருக்காகத் தூக்கியிருந்த கையை மெல்ல இறக்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தூக்கினார்.

"வடக்குத்து."

"நைனா! கட்சித் தாவல்!" என்று அருண் கத்தினான்.

"டேய், சோறு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான்டா நான்" என்றார் மாமா. பவித்ரா கரண்டியை உயர்த்தினாள்.

இப்போது வடக்குத்து வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். கரண்டி நடுவில் கிடக்கிறது. ஸ்கூட்டர் தீர்மானம் மறுபடி வந்து ஏகமனதாக நிறைவேறியது. அத்தை ஓட்டுகிறார். திரும்பும்போது சிக்னல் லைட் போடுவதில்லை. கையைத் தூக்குகிறார். பின்னால் வருகிற லாரி எல்லாம் நின்றுவிடுகிறதாம்.

துணி விவகாரத்தைப் போனில் சொன்னேன். முதல் கேள்வியே, "கைய இறக்கிட்டியா?"

"வலிச்சுதுத்த. இறக்கிட்டேன்."

"அடுத்த தபா கைய மாத்தி மாத்தித் தூக்கு. இன்னாடி இது, சொந்த வூடு இருந்தாத்தான் ஓட்டா? அப்பிடிப் பாத்தா நம்ம டவுன்ஷிப்ல ஒருத்தனுக்கும் ஓட்டு இருந்திருக்காது. உன் செகரட்டரி உங்க வூட்ல என்னிக்காச்சும் சாப்ட்டிருக்காரா?"

"இல்ல."

"அதான் கோளாறு."

ஆகவே அடுத்த மாதக் கூட்டத்துக்கு அத்தை இட்லிப் பானையோடு பஸ் ஏறுகிறார். வாடகைக்காரர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று நான் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். செயலாளருக்குக் கெட்டிச் சட்னி. ஜெயிப்போமா என்று தெரியாது. இரண்டு கையும் தயார். ஆனால் முதல் தட்டு அத்தைக்கு. அதற்கு மட்டும் ஓட்டெடுப்பு கிடையாது.