அம்பு காட்டிய வீடு

"என் வீட்டுச் சுவரு உங்க பசங்களுக்குக் கரும்பலகையா, மாஸ்டர்?"

காசிவிஸ்வநாதன் போட்ட சத்தத்தில் காஜா பெராங் சாலையே திரும்பிப் பார்த்தது. சாரணர் படையின் தலைவர் கருணாகரன் கூனிக்குறுகி நின்றார்.

சுவரில் சாக்பீஸால் பெரிய அம்புக்குறி. 'இந்த வழியே வா' என்பதற்குச் சாரணர்கள் போடும் அடையாளம். போன சனிக்கிழமைதான் கருணாகரன், காசிவிஸ்வநாதனின் மகன் பொன்னுதுரை உட்படப் பதினாலு பையன்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஈரத்துணியால் தாமே துடைத்துவிட்டு, பையன்களை வரிசையில் நிறுத்தினார்.

"யாருடா?"

பதினாலு பேரும் மூன்று விரலை உயர்த்தினார்கள். "சாரணர் சத்தியமா நாங்க இல்ல, மாஸ்டர்!"

நம்புவாரா? முகாமில் அவர் தலைமேல் கூடாரத்தைச் சரித்துவிட்டும் இதே விரல்களைத்தான் காட்டினார்கள். தபால் நிலைய வேலை முடிந்ததும் இவர்களுக்காகவே ஓடிவந்து, முப்பது வயதாகியும் கல்யாணத்துக்கு நேரமில்லாமல் போன மனிதருக்கு நெஞ்சு கொதித்தது.

மறுநாள் அம்பு ஒன்பதாகிவிட்டது. முதல் அம்பு கருணாகரன் வாசலில். கடைசி அம்பு காசிவிஸ்வநாதன் வாசலில். அந்த வீட்டுப் பெண் விஜயாவின் பெயரைக் கேட்டாலே மாஸ்டருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

தண்டனையாகப் பையன்களையே சுவருக்கு வெள்ளையடிக்க வைத்தார். காசிவிஸ்வநாதனின் சைக்கிளுக்கும் சேர்த்து அடித்தார்கள்.

வெள்ளைச் சுவரில் சாக்பீஸ் தெரியாதல்லவா? அடுத்த நாள் அம்பு அடுப்புக்கரியில் வந்தது. பக்கத்தில் வட்டம், நடுவில் புள்ளி: 'வீடு சேர்ந்தாயிற்று'.

ரோந்து வந்த மலாய்ப் போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தினார். "கொமுனிஸ் கா?" கம்யூனிஸ்ட்டுகளின் அடையாளமோ என்று அவருக்குச் சந்தேகம்.

"கொமுனிஸ் இல்ல, மாப்பிள்ளை வர்ற வழி!" எதிர்வீட்டுப் பூங்காவனம் சிரித்தாள்.

"கேட்டீங்களா, மாஸ்டர்? வயசுப் பொண்ணு இருக்கிற வீடுய்யா!" காசிவிஸ்வநாதன் கத்தினார்.

கருணாகரன் தொப்பியைக் கழற்றினார். பையன்கள் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு இத்தனை வருஷம் உழைச்சேனேடா! என்னைத் தெருவுல சிரிக்க வச்சிட்டீங்களே! இன்னியோட படையைக் கலைக்கிறேன். மெர்டேக்கா ஊர்வலத்துக்கு ஒருத்தனும் வரவேணாம்!"

சுதந்திர நாள் ஊர்வலத்துக்காக ஆறு மாதமாக நடை பழகிய பையன்கள் விசும்பத் தொடங்கினார்கள்.

காசிவிஸ்வநாதனின் மனைவி வடிவாம்பாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"பிள்ளைங்கள ஏன் திட்டுறீங்க, தம்பி? எங்க பொன்னுதுரை நோட்டைப் பார்த்து நான்தான் போட்டேன். பொண்ணு கேட்டு உள்ள வருவீங்கன்னு பார்த்தா, அழிச்சிட்டு அழிச்சிட்டுப் போறீங்களே!"