கோல் போஸ்ட்டில் நின்ற காலஞ்சென்றவர்

பகை என்பது தானாக முளைக்க வேண்டிய சமாச்சாரம். வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை, பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டு என்று அதற்கு எத்தனையோ இயற்கையான வழிகள் இருக்கின்றன. உட்கார்ந்து யோசித்து, திட்டம் போட்டு, பகையே இல்லாத இடத்தில் பகையை உண்டாக்கப் பார்த்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். (இதை எழுதச் சொன்னது என் மனைவி. "வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. எழுதி வச்சுட்டா படிச்சுக்குவாங்க" என்றாள்.)

அப்போது ஒரகடம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம், ஹாஸ்டல் வாசம். கல்லூரிக் கால்பந்து அணிக்கு நான்தான் கேப்டன். திறமையைப் பார்த்துக் கொடுத்த பதவி அல்ல. பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு என்னிடம் இருந்தது.

எங்கள் ஆட்டத்தைப் பார்க்க ஈ காக்கா வராது. ஒரு நாள் பி.டி. சார் என்னைக் கூப்பிட்டார். "டேய், பிரின்சிபால் கிரவுண்ட கேக்குறாரு. காலேஜ் பஸ் நிறுத்த எடம் பத்தலையாம். ஒருத்தனும் பாக்காத வெளையாட்டுக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய எடம்ன்றாரு. அடுத்த மேட்ச்சுக்காச்சும் நாலு பேர் வந்து உக்காந்தாத்தான் கிரவுண்டு நமக்கு, இல்லன்னா பஸ்ஸுக்கு" என்றார். (நாலு பேர் வேறு எதற்கு வருவார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.)

இரண்டு இரவு யோசித்து நான் கண்டுபிடித்தது இதுதான்: நமக்கு ஒரு எதிரி இல்லை. எதிரி இருந்தால் கூட்டம் தானாக வரும்.

பக்கத்தில் இருந்தது சுங்குவார்சத்திரம் போகிற வழியில் உள்ள கல்லூரி. கெட்ட நேரம், அவர்கள் ரொம்ப நல்லவர்கள். எங்கள் கோல் வலை கிழிந்தபோது தங்கள் வலையைக் கொடுத்தவர்கள். அதை பைக்கில் கட்டிக்கொண்டு வந்து தந்தவனே அவர்களுடைய கேப்டன் மூர்த்திதான். கோல் கீப்பர். அந்தப் பக்கத்து ஊர்க்காரன், ஆறடி உயரம், எதற்கும் கோபம் வராது. அவனிடம் போய், இனிமேல் நாம் பரம வைரிகள் என்று விளக்கினேன்.

"சரி மச்சான். நான் இன்னா பண்ணணும்?" என்றான்.

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்ல. நல்லதா ஒரு போட்டோ மட்டும் அனுப்பு."

அக்கா கல்யாணத்தில் எடுத்த படத்தை அனுப்பினான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், வாய் நிறையச் சிரிப்பு. என்னை நம்பி அனுப்பிய படம். இன்று நினைத்தாலும் அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடிவதில்லை.

எங்கள் ஊரில் கிரிக்கெட் போட்டிகளுக்கு முன்னால் எதிரணிக்குக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டிக் கலாய்ப்பார்கள். ஊரே சிரிக்கும். ஊரே சிரிப்பதற்குக் காரணம், ஊருக்கே அது விளையாட்டு என்று தெரியும் என்பதுதான். இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று ஒருவரையும் கேட்காமல், சுங்குவார்சத்திரம் ஃபிளெக்ஸ் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படத்தையும், கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜையும் அனுப்பினேன். "அண்ணே, மூர்த்தி டீமுக்குக் கண்ணீர் அஞ்சலி. இறுதி ஆட்டம், சனிக்கிழமை நாலு மணி, எங்க காலேஜ் கிரவுண்டு. நல்லா உருக்கமா இருக்கணும்ணே." (இருப்பதே ஒரு ஆட்டம். அதை இறுதி ஆட்டம் என்றது கூட்டம் சேர்க்கும் தந்திரம்.)

கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் தழுதழுத்த குரலில் போன் செய்தார். "டீமு கீமுன்னு போட்டா நல்லா இருக்காது தம்பி, பேர் மட்டும் போட்டுக்கீறேன். ஆட்டம்ன்ற வார்த்தையும் எடுத்துட்டேன். இறுதி ஊர்வலம்னு மாத்திக்கீறேன். சரியா?"

"சூப்பர்ணே. அதுதான் இன்னும் பஞ்ச்சா இருக்கு."

போனில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "மனச தேத்திக்கோ தம்பி" என்றார். ஆட்டத்தில் நாங்கள் தோற்றுவிடுவோம் என்றுதான் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "பாத்துக்கலாம்ணே" என்றேன்.

அனுப்பிய மாதிரியைப் பார்த்தேன். வட்டத்துக்குள் மூர்த்தி சிரிக்கிறான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே இரண்டு புறா. கீழே, இறுதி ஊர்வலம், சனிக்கிழமை நாலு மணி, எங்கள் கல்லூரி மைதானம். அதற்கும் கீழே, 'உன் பிரிவால் வாடும் கல்லூரி நண்பர்கள்'. புறா அருமை என்று பதில் அனுப்பினேன். சனிக்கிழமை மதியம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் எதிரில், டீக்கடை ஓரமாக அதைக் கட்டினார்கள். கம்பெனி பஸ்கள் வந்து ஷிப்ட் முடிந்தவர்களை இறக்கிவிடுகிற இடம் அது.

நான்கு மணி ஆட்டத்துக்கு மூர்த்தியின் அணி முன்னதாகவே எங்கள் மைதானத்துக்கு வந்து பயிற்சியில் இறங்கிவிட்டது. செல்போன்களை எல்லாம் அவர்களுடைய கோச் வாங்கிப் பையில் போட்டுப் பூட்டியிருந்தார். நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. பி.டி. சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது.

என் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன். மூன்று குட்டியானை வண்டிகள் நிறைய ஆட்கள். மேளம். மாலைகள். "சார், பாத்தீங்களா? மாலையோட வர்றாங்க" என்று பி.டி. சாரிடம் கத்திவிட்டு, வாசலுக்கு ஓடி இரண்டு கையையும் கூப்பி வரவேற்றேன்.

"வாங்க, வாங்க. மூர்த்திக்காக வந்தீங்களா?"

முதல் வண்டியில் இருந்து இறங்கிய பெரியவர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு தலையாட்டினார். மூர்த்தியின் பெரியப்பா என்று பிறகு தெரிந்தது.

"எங்கப்பா வெச்சிக்கீறீங்க?" என்றார்.

"கோல் போஸ்ட்ல நிக்கிறான்."

"நிக்கிறானா?"

"ஆமா, நல்ல ஃபார்ம்ல இருக்கான். முன்னாடி உக்காந்தா நல்லாத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. துக்கத்தில் பைத்தியம் பிடித்துவிட்ட சிநேகிதன் என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அவரைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். கம்பெனி கேன்டீன் யூனிஃபார்ம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, காலில் செருப்பு இல்லை. மூர்த்தியின் அம்மா. என்னைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடினார். மூர்த்தி பந்தைப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா, மேட்ச் பாக்க வந்தியா?" என்று கேட்டான். அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவினார். கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேளம் நின்றது.

"எவன்டா பேனர் வெச்சது?" என்று பெரியப்பா கேட்டார். பயிற்சியில் ஒரு பாஸ்கூட ஒழுங்காகக் கொடுக்காத என் அணியினர், அத்தனை பேரும் அவ்வளவு துல்லியமாக என்னைக் காட்டினார்கள்.

அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அம்மா எழுந்து என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

"நான் உனக்கு இன்னா தம்பி பண்ணேன்?" என்றார். "பஸ்ஸ வுட்டு எறங்குறேன். எதுக்கால என் புள்ள சிரிச்சிக்கினு கீறான். ரெண்டு பக்கமும் வெளக்கு. அதுக்கப்புறம் எப்படி வூட்டுக்குப் போனேன், யாரு வண்டில ஏத்துனாங்க, ஒண்ணும் தெரியல."

கூட்டம் வேண்டும் என்று யோசித்த எனக்கு, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி அவனைப் பெற்றவளாக இருப்பாள் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லையே என்று கூசிப்போனேன். காலில் விழப் போனேன். அதையாவது ஒழுங்காகச் செய்தேனா? ஷூ புல்லில் வழுக்கி, அவர் காலடியில் மல்லாக்க விழுந்தேன். மூர்த்திதான் தூக்கிவிட்டான். தூக்கும்போது சிரித்தான், அந்தப் படுபாவி.

ஆட்டம் நடந்தது. வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், மேளக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள், மாலைகளை எல்லாம் மூர்த்திக்கே போட்டார்கள். எத்தனை கோல் வாங்கினோம் என்று சொல்வதாக இல்லை. பி.டி. சார் கேட்ட கூட்டம் வந்துவிட்டது. ஆனால் கல்லூரிக்குள் சாவு மேளம் நுழைந்தது என்று பிரின்சிபாலுக்குச் சேதி போய், திங்கட்கிழமை காலை கோல் போஸ்ட்டுக்கு நடுவில் பஸ் நின்றது.

அதற்கு முன்பே, ஆட்டத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பேனரை நானே அவிழ்த்துவிட்டு மூர்த்தியின் வீட்டுக்குப் போய் நின்றேன். அவன் அம்மா பேசவில்லை. சோறு மட்டும் போட்டார். அப்படிப் போகப் போக அந்த வீட்டில் ஒருவனாகிவிட்டேன்.

மூர்த்தியின் கல்யாணம் வாலாஜாபாத்தில் நடந்தது. இந்தப் பக்கத்தில் பேனர் இல்லாத கல்யாணம் உண்டா? சிநேகிதர்கள் டிசைன்கூடப் போட்டுவிட்டார்கள். அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "என் புள்ள படம் ரோட்டுல நிக்கக் கூடாது. மண்டபத்துக்கு வழி தெரியணும், அவ்ளோதான? அதோ, பேனர் வெச்சவன் கீறான் இல்ல, அவன நிக்க வைங்க."

நின்றேன். மெயின் ரோட்டுத் திருப்பத்தில், பட்டுச் சட்டையோடு, வெயிலில், முகூர்த்தம் முடியும்வரை வலது கையை நீட்டிக்கொண்டு. மூர்த்தியின் மாமா பைக்கில் போகும்போதெல்லாம் நிறுத்தி, "பேனரு, காத்துல ஆடாத, நேரா நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் பேனர். என் மனைவி பேனர் அண்ணி. போன மாதம் மூர்த்தியின் குழந்தைக்குக் காதுகுத்து. பந்தல்காரர் கேட்ட முதல் கேள்வியே, "பேனர் கட்டியாச்சா?" என்பதுதான். நான் போய் வாசலில் நின்றதும், "கட்டியாச்சு" என்று உள்ளே இருந்து யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மூர்த்தியின் அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, மூர்த்தி எங்கே நிற்கிறான் என்று ஒரு தரம் கூட்டத்தில் தேடிப் பார்த்துக்கொண்டார்.