அந்தோனியாருக்குக் கழற்றிய பின்சீட்டு

பின்சீட்டு வெளியேயும் வராமல் உள்ளேயும் போகாமல் கார்க் கதவில் சிக்கிக்கொண்ட நேரம் பார்த்துத்தான் பாட்ரீசியா துணிக்கூடையோடு போர்ச்சுக்கு வந்தாள்.

ஜூலியஸ் அப்போது விளக்கம் சொல்லக்கூடிய நிலையில் இல்லை. தலை காருக்குள்ளே, கால் இரண்டும் வெளியே, நெஞ்சின் மேல் சீட்டு.

"என்னங்க, சீட்டைப் போட்டு என்ன பண்றீங்க?"

உண்மை ரொம்பச் சின்னது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் சிம்பாங் அம்பாட்டைத் தாண்டி ஒரு தனியார் ஓடுதளத்தில் டிராக் ரேஸ். நேர்கோட்டில் கால் மைல் தூரம், இரண்டிரண்டு காராக விடுவார்கள். தினமும் வேலைக்கு ஓட்டிப்போகும் சொந்தக் காரையே கொண்டுவரலாம். ஜூலியஸ் பெயர் கொடுத்துவிட்டார். காரின் பாரம் குறைய வேண்டும் என்பதற்காகச் சீட்டைக் கழற்றுகிறார்.

ஆனால் இதைப் பாட்ரீசியாவிடம் சொல்வதற்குப் பதில் சீட்டோடு சேர்ந்து காருக்குள்ளேயே குடியிருந்துவிடலாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஹைவேயில் வேகத்துக்காக ஒரு சம்மன் வந்தது. அன்றைக்கே அவரைக் கோயிலுக்கு இழுத்துப்போய், அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் முட்டிபோட வைத்து, "இனிமே ரோட்டுல தொண்ணூறுக்கு மேல போக மாட்டேன்" என்று சத்தியம் வாங்கியவள் அவள். அன்றிலிருந்து ஜூலியஸை மீன் லாரி முந்தியது, பள்ளிக்கூட பஸ் முந்தியது, ஐஸ்கிரீம் விற்கிறவரின் மோட்டார் சைக்கிள்கூட மணியடித்துக்கொண்டே முந்தியது. ஆயர் குரோ தொழிற்சாலையில் அவருக்கு 'மாட்டுவண்டி' என்றே பெயர். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்.

பொறுக்க முடியாதது ஒன்றுதான். அடுத்த மாதம் மகள் ரெனீக்கு லைசென்ஸ் கிடைத்துவிடும். இந்த வீரா கார் அவள் கைக்குப் போய்விடும். கல்யாணத்துக்கு முன்னால் முதல் சம்பளக் காலத்தில் ஆசை ஆசையாக வாங்கிய கார். அதன் ஆக்சிலேட்டரைத் தரை வரைக்கும் மிதித்துப் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு தடவை மிதிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. சத்தியம் ரோட்டுக்குத்தான், ஓடுதளம் ரோடு ஆகாது என்று தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது.

"கேக்கிறேன்ல? சீட்டு எதுக்கு?"

சீட்டுக்கு அடியில் கிடந்தபடி ஜூலியஸ் கண்ணை உருட்டினார். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த குட்டி அந்தோனியார் கண்ணில் பட்டார்.

"அந்தோனியாருக்கு..." என்றார்.

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பவனி இருக்குல்ல. சுரூபம் வெச்சுப் போக நம்ம காரைக் கொடுக்கலாம்னு லா."

பாட்ரீசியா துணிக்கூடையைக் கீழே வைத்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "இத்தனை வருஷமா உங்களுக்குப் பக்தி வரணும்னு நான் அழாத நாள் இல்லீங்க" என்றவள், அழுகையை அரைகுறையாக நிறுத்திவிட்டுப் போனை எடுத்தாள்.

சீட்டு முழுசாக வெளியே வருவதற்குள் ஃபாதர் டாரியஸ் கூப்பிட்டுவிட்டார்.

"ஜூலியஸ், பின்சீட்டைக் கழட்டிட்டியாமே! ரொம்ப சந்தோஷம்ப்பா. நாலு நாள்தான் இருக்கு, இன்னும் யாரையும் காணோமேன்னு பாத்தேன். ஆனா அந்தோனியார் கைவிட மாட்டாருன்னு தெரியும்."

அந்த விசுவாசத்தைக் கேட்டு ஜூலியஸுக்குப் புல்லரித்தது. ஜாசின் பக்கத்துச் சின்ன எஸ்டேட் கோயில் அது. சொந்தமாக வண்டி கிடையாது. போன வருஷம் ரொனால்ட் தன் காரைக் கொடுத்தான். அதற்கு முந்தின வருஷம் நிவேந்திரன். அவர்களும் பின்சீட்டைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தார்கள். என்ன பக்திமான்கள் என்று அப்போது வியந்தவர், இப்போது கூச்சப்பட்டார். அவர்களெல்லாம் எங்கே, தான் எங்கே!

ரேஸ் காலையில், பவனி சாயங்காலம். ஓடிவிட்டு வந்து சுரூபத்தை ஏற்றிக்கொண்டால் ஆயிற்று. இதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்று நினைத்தார். பாவம்.

மறுநாள் தொழிற்சாலை கேன்டீனில் இஞ்சினியர் திருக்குமரன் பாடம் எடுத்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், நிதானமான மனுஷர், இரண்டு முறை ரேஸ் ஓடியவர். ஜூலியஸின் இந்தப் புத்திக்கு அவர்தான் குரு.

"பாரம் குறைய வேணும், ஜூலியஸ். ஸ்பேர் டயர், ஜாக், பூட் கார்ப்பெட் எல்லாத்தையும் இறக்கும். முன்னால இருக்கிற பக்கத்துச் சீட்டும் தேவையில்லை. விளங்குதோ?"

ஜூலியஸ் இறக்கினார். அவர் ஒன்றை இறக்க இறக்க, பாட்ரீசியா இரண்டை ஏற்றினாள். ஸ்பேர் டயர் இருந்த பள்ளத்தில் மெழுகுவர்த்திப் பெட்டி வந்தது. ஜாக் இருந்த இடத்தில் தூபக்கால் வந்தது. முன்சீட்டு போனதும், "நல்ல வேளை, பூக்கூடைக்கு இடம் இல்லையேன்னு இருந்தேன்" என்றாள்.

"பூ எல்லாம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் வெச்சுக்கலாமே."

"கூடையை மட்டும் கட்டிப் பாத்துக்கிறேங்க. அப்புறம் அவசரத்துல ஆடும்."

சனிக்கிழமை கோயில்பிள்ளை சவரிமுத்து வந்தார். கோயில் மணியடிப்பது முதல் விளக்கு மாற்றுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. சுரூபம் நிற்கிற இரும்புச் சட்டத்தைக் கூரை மேல் வைத்து நாலு மூலையிலும் நட்டு முறுக்கினார்.

"இது காது வெச்ச நட்டு, தம்பி. ஸ்பானரே வேணாம், கையாலே கழட்டலாம். ரெண்டு நிமிஷம்" என்றார்.

"எதுக்கு அங்கிள் கழட்டணும்?"

"சும்மா சொல்லி வெச்சேன்."

ஆனால் ஸ்பீக்கர் விஷயத்தில் பாட்ரீசியா சவரிமுத்துவை அப்படி லேசாக மாட்ட விடவில்லை. பவனியை நடத்துகிறவள் அவள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறதென்று, சொல்ல வேண்டியதையெல்லாம் ஒத்திகையின்போது பேசிப் பதிவு செய்து வைத்திருந்தாள். காரைக் கிளப்பிய கொஞ்ச நேரத்தில் அதைத் தானாகப் போடுகிற பெரிய ஸ்பீக்கர் பெட்டி, பின்சீட்டு இருந்த இடத்தில், கார்த் தரையோடு சேர்த்து இரும்புப் பட்டை போட்டு முறுக்கப்பட்டது. காரைத் தலைகீழாகத் தூக்கி உலுக்கினாலும் அது விழாது.

"இது எவ்வளவு கனம் அங்கிள்?" என்று ஜூலியஸ் ஈனக் குரலில் கேட்டார்.

"ஒரு ஆள் கனம் இருக்கும். நல்லா சாப்பிடற ஆளு."

ஞாயிற்றுக்கிழமை பூசையைச் சனிக்கிழமை மாலையே முடித்துவிட்டு, விடிந்ததும் காரை எடுத்தார்.

"இவ்வளவு காலையிலயா?" என்றாள் பாட்ரீசியா.

"கழுவி, பெட்ரோல் ஊத்தி, இஞ்சின் பாத்துக் கொண்டாறேன். அந்தோனியார் ஏறப்போற வண்டி லா."

அவள் காரின் மேல் சிலுவை போட்டு அனுப்பினாள். ஜூலியஸ் அவளைப் பார்க்காமல் கியரைப் போட்டார்.

ஓடுதளத்தில் திருக்குமரன் ஹெல்மெட்டோடு காத்திருந்தார். காரைச் சுற்றி வந்தார். கூரையில் சட்டம், அதில் நீலமும் வெள்ளையுமாகக் கிரேப் காகிதம், பக்கத்துச் சீட்டு இருந்த இடத்தில் பூக்கூடை, பின்னால் பெரிய ஸ்பீக்கர் பெட்டி.

"பாரம் குறையச் சொன்னனான்" என்றார்.

"குறைச்சேன் சார். அப்புறம் கூடிப்போச்சு."

சட்டத்தைக் கழற்றினார்கள். சொன்னபடியே இரண்டு நிமிஷம்தான். கூடை, மெழுகுவர்த்தி, தூபக்கால் எல்லாம் திருக்குமரன் மடிக்கு வந்தன. ஸ்பீக்கர் மட்டும் அசையவில்லை. பரிசோதகர் ஒரு மலாய்க்காரர். ஆடுகிற சாமான் எதுவும் இருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஸ்பீக்கரைப் பிடித்து இழுத்தார், உதைத்தார், அதிலிருந்த திருகாணிகளையெல்லாம் திருகிப் பார்த்தார். "கெதாட்! போலே, அபாங்!" என்று, நல்ல இறுக்கம், ஓடலாம் என மலாயில் மெச்சிவிட்டு, கார்க் கண்ணாடியில் வெள்ளை மையால் 13 என்று பெரிதாக எழுதினார். அந்த எண்ணை வேறு யாரும் வாங்க மாட்டேன் என்றார்களாம்.

காலையில் கிளம்பும்போது தான் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்த ஸ்பீக்கர் திருகாணியை அந்த மனுஷர் முழுசாகத் திருகிவிட்டார் என்பது ஜூலியஸுக்குத் தெரியாது.

கோட்டில் போய் நின்றார். பக்கத்து வரிசையில் தாழ்த்தி இறக்கிய வெள்ளை மைவி கார். ஓட்டுகிறவன் தனேஷ் என்று ஓர் இளைஞன். ஜூலியஸைப் பார்த்துக் கும்பிட்டான். கம்பத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்த மஞ்சள் எரிந்தது.

"பக்தர்களே!" என்று பின்னாலிருந்து பாட்ரீசியா கத்தினாள்.

ஓடுதளமே திரும்பிப் பார்த்தது.

"மெதுவா! மெதுவா! வண்டியை யாரும் முந்த வேண்டாம்!"

பச்சை விளக்கு எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து பழகிய கால், ஜூலியஸைக் கேட்காமலே பிரேக்குக்குப் போனது. நல்ல வேளை, பக்கத்து மைவியும் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துபோய் நின்றது.

"கைக்குழந்தை வெச்சிருக்கவங்க ஓரமா வாங்க!"

ஜூலியஸ் பல்லைக் கடித்தார். வலது காலைத் தூக்கினார். தரை வரைக்கும் மிதித்தார்.

வீரா முதலில் நம்பவில்லை. ஒரு முறை திணறிவிட்டு, பிறகு எங்கிருந்தோ ஒரு குரலெடுத்துக் கொண்டு பாய்ந்தது. முள் அறுபது, எண்பது, தொண்ணூறு என்று ஏறியது. தொண்ணூறைத் தாண்டியபோது ஜூலியஸ் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்து, அது கூடாது என்று நினைவுவந்து திறந்துகொண்டார்.

"யாருங்க அது வேகமா இழுக்கிறது? அந்தோனியார் ஆடுறாரு!"

"ஆடட்டும்!" என்று ஜூலியஸ் ஹெல்மெட்டுக்குள் கத்தினார். சிரித்தார். அழுகையும் வந்தது. இத்தனை வருஷமாக மீன் லாரிக்கு வழிவிட்ட மனுஷன், வாழ்க்கையில் முதல் முறையாக யாருக்கும் வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் தன் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. இதை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஜெயித்துவிட்டார். தனேஷ் மைவியை மறுபடி எடுத்து ஓடிவந்து சேர்ந்தபோது வியர்த்துப் போயிருந்தான்.

"அண்ணே, நீங்க நின்ன நேரத்துக்கு நான் ஈசியா முந்தியிருப்பேன். முந்தாதேன்னு அந்தம்மா சொன்னாங்க, காலே வரல. அப்படியே எங்கம்மா குரல்!"

அதற்கு மேல் நிற்க நேரமில்லை. சட்டத்தை மாட்டி, கூடையைக் கட்டி, ஜாசினுக்குத் திரும்பினார். கிளட்ச் கருகிய வாடை வழியெல்லாம் கூடவே வந்தது. கோயில் வளாகத்துக்குள் நுழைந்ததும் பாட்ரீசியா ஓடிவந்தாள்.

"என்னங்க வாடை?"

"தூபம்."

"கண்ணாடியில என்ன நம்பர்?"

அழிக்க மறந்துவிட்டார்! "பதிமூணு" என்றார். "ஜூன் பதிமூணு. அந்தோனியார் திருநாள்."

பாட்ரீசியா அந்த எண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள். பக்கத்திலிருந்த பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர்களும் கும்பிட்டார்கள்.

பவனி கிளம்பியது. கூரை மேல் அந்தோனியார், முன்னால் ஃபாதர், பின்னால் ஜனங்கள். எஸ்டேட் பாதையில் பாதி தூரம் போனதும் கிளட்ச் கையை விரித்துவிட்டது. கார் நின்றது. பாட்ரீசியா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாகத் தள்ள வந்தாள்.

"பாருங்க, நம்ம வீட்டுக்காரரு இந்தக் காரை எவ்வளவு பக்தியா தயார் பண்ணினாரு! தள்ளுங்க எல்லாரும்!"

பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. வியர்வையும் பெருமையுமாக இருந்த அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் ஜூலியஸ் கண்ணாடியைத் திருப்பி வைத்தார். காலையில் வந்த சந்தோஷமெல்லாம் இப்போது குற்ற உணர்ச்சியாகத் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. யாரிடமாவது சொல்லாவிட்டால் செத்துவிடுவார் போலிருந்தது. ஜன்னலோரம் கைமணியை ஆட்டிக்கொண்டே சவரிமுத்து நடந்து வந்தார்.

"அங்கிள்" என்று ஜூலியஸ் கிசுகிசுத்தார். "நான் பெரிய பொய் சொல்லிட்டேன். சீட்டைக் கழட்டினது அந்தோனியாருக்கு இல்ல. ரேஸுக்கு."

சவரிமுத்து மணியை ஆட்டுவதை நிறுத்தவில்லை. குனிந்து ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"ஸ்டியரிங்கை நேரா பிடிங்க தம்பி. ரேஸ் தேதி தெரிஞ்ச பிறகுதானே ஃபாதர் வருஷா வருஷம் பவனிக்குத் தேதியே வைக்கிறாரு!"