ஒரு சூட்கேஸும் இரண்டு ஊர் மழையும்

இயேசு மரி சூசை

அஜின்கோர்ட், ரொறன்ரோ
14.09.1997

பாசமுள்ள மக்டலீன் அக்காவுக்கு,

உங்கள் தம்பி பேனாட் எழுதிக்கொள்வது. மடு மாதாவின் காவலில் நானும் றெஜினாவும் மகள் கிறிஸ்ரினாவும் நல்ல சுகம். சுகமில்லாமல் கிடப்பது, வரவேற்பறை நடுவில் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் என் சூட்கேஸ் மட்டும்தான். அத்தானின் முழங்கால் இப்போது எப்படி? அதற்காகவும் இங்கே செபமாலை சொல்கிறோம்.

அக்கா, கனடாப் பாஸ்போட் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை உங்களையும் தம்பி றிச்சர்ட்டையும் பார்க்க ரிக்கெற் எடுத்ததுதான். உங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துப் பதினான்கு வருடம். பாரிஸில் உங்களிடம் ஒரு கிழமை, பிறகு ரயிலேறிப் பிராங்பேர்ட்டில் தம்பியிடம் ஒரு கிழமை. நடுவில் ஒரு நாளாவது நாங்கள் மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்து சோறு தின்னவேண்டும். உண்மையைச் சொன்னால் இந்தப் பயணமே அதற்காகத்தான். ஆனால் உங்கள் இருவரிடமும் அதை வாய்விட்டுக் கேட்க எனக்குப் பயம். ஆகவே நல்ல பிள்ளை மாதிரி, "செப்ரெம்பர் கடைசியிலை அங்கை என்ன உடுப்புத் தோது?" என்று மட்டும் கேட்டுவைத்தேன். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

நீங்கள் ரெலிபோனில் என்ன சொன்னீர்கள்? "பாரிஸோ? பாரிஸ் பாரிஸ் மாதிரித்தான் இருக்கும். ஒரு சேட்டோட வா. ஆனா பிராங்பேர்ட்டுக்குப் போறதெண்டால் யோசிச்சுப் போ. காலமை எட்டு டிகிரி, பின்னேரமும் பதினைஞ்சைத் தாண்டாது. வாற வியாழக்கிழமை மழை." சரி என்று இரண்டு ஸ்வெற்றர் வைத்தேன். அடுத்த நாள் தம்பி ரெலிபோன் எடுத்தான். "இஞ்சை என்ன அண்ணை, யன்னலைத் திறந்தால் தெரியும்தானே, சும்மா வா. பாரிஸ்தான் கூடாது. செவ்வாயும் புதனும் விடாத மழை, அதுக்குமேலை காத்து. மொத்தமான சப்பாத்துக் கொண்டு போ." சரி என்று சப்பாத்தையும் வைத்து, அதன் வடிவம் கெடாமல் பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்தேன். இப்படி நீங்கள் அவனுடைய வானத்தைக் கறுப்பாக்க, அவன் உங்களுடைய வானத்தைக் கறுப்பாக்க, நான் நடுவில் நின்று மடித்த உடுப்பைப் பிரிப்பதும் பிரித்ததை மடிப்பதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் றெஜினா சூட்கேஸின் மேல் ஏறி இருந்தாள். நான் சிப்பை இழுத்தேன். சிப் என் கையோடு வந்துவிட்டது. "அங்கை மழை பெய்யுதோ இல்லையோ, இஞ்சை இடி விழப்போகுது" என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குப் போய்விட்டாள்.

உடுப்பை உள்ளே வைக்க முடியாவிட்டால் மேலே போட்டுக்கொண்டு போகலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. பிறம்ரனில் நான் வேலை செய்கிற இறைச்சி ஸ்ரோரின் குளிரறைக்குள் போடுகிற ஜாக்கெற்றை, இரண்டு ஸ்வெற்றருக்கு மேல் மாட்டி, மப்ளரும் சுற்றி, நடக்கமுடிகிறதா என்று பார்க்க லிப்டில் இறங்கினேன். வெளியே நல்ல வெயில், ஆட்கள் அரைக்காற்சட்டையோடு திரிகிற நாள். லிப்டுக்குள் நின்ற சீனத்து அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தா. கீழே போய்ச் சேர்ந்தவுடன் திரும்பவும் மேலே போனா. நான் வாசலில் வியர்த்துக்கொண்டு நிற்க, கோட்டும் தொப்பியும் கையுறையுமாக வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனா. அந்த மனுசிக்குக்கூட என்னில் நம்பிக்கை இருக்கிறது. எனக்குத்தான் உங்கள் இருவரிலும் இல்லை.

ஏனென்றால், அக்கா, இது வானத்து மழை இல்லை, அந்தப் பயித்தம்பணியாரத் தகர ரின் பெய்கிற மழை. ஆறு வருடத்துக்கு முதல் தம்பியின் மகனுடைய ஞானஸ்நானத்துக்கு நீங்கள் சுட்டு, பாரிஸிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு போன ரின்னை அவன் கார் டிக்கிக்குள்ளேயே விட்டுவிட்டான். சபையில் கடைக் கேக்தான் வெட்டினார்கள். "மறந்துபோனன் அக்கா" என்றான். "மறக்கிறதுக்கு அது என்ன உன்ர குடையே?" என்று கேட்டுவிட்டு ரின்னோடு ரயிலேறின நீங்கள்தான், இன்றுவரை ஒரு பேச்சு இல்லை.

குடையை மறக்கிறது அவனுக்குக் கூடப்பிறந்தது என்று எங்களுக்குத் தெரியாதா? மடுத் திருவிழாவுக்கு லொறியில் போனோமே. அம்மா அரிசி, சட்டி, உடுப்பு எல்லாவற்றையும் ஒரே ரங்குப் பெட்டிக்குள் அடைத்தா. வானிலை யாரிடமும் கேட்கவில்லை. ஆவணி வெயிலில் மழை வரும் என்று யார் கண்டது? மரத்தடியில் பாய் விரித்த கையோடு கொட்டியது. தம்பி குடையை லொறிக்குள் விட்டுவிட்டு நின்று அழுதான். நீங்கள் அந்த ஓலைப்பாயைத் தூக்கி எங்கள் இருவரின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்களுடைய பாதி உடம்பு வெளியே நனைந்தது. திருவிழா முடியும்வரை காய்ச்சலில் கிடந்தீர்கள். அன்றைக்கு மூன்று பேருக்கு ஒரு பாய் போதுமாக இருந்தது அக்கா. இன்றைக்கு ஐரோப்பா முழுவதும் போதாமல் கிடக்கிறது.

ஆகவே என் முடிவு இதுதான்: உங்கள் இருவரின் வானிலையையும் நான் இனி நம்பமாட்டேன். கோட்டும் இல்லை, ஸ்வெற்றரும் இல்லை, சேட்டோடு வந்து இறங்குகிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தால், பொய் சொன்ன இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கமும் இருந்து பார்க்கவேண்டியதுதான்.

அத்தானுக்கு எங்கள் தோத்திரம். மாதா உங்கள் வீட்டையும் உங்கள் கோபத்தையும் சேர்த்து ஆசீர்வதிக்கட்டும்.

என்றும் உங்கள் தம்பி,
பேனாட்

பி.கு: அக்கா, மேலே எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். கடித உறையை ஒட்டப்போகிற நேரம், கிறிஸ்ரினா அந்தச் சப்பாத்துக்குள் கிடந்த பேப்பரை இழுத்து விரித்தாள். நீங்கள் இருவரும் ரெலிபோனில் கதைத்த அதே கிழமைப் பேப்பர், உலக நகரங்களின் வானிலைப் பக்கம். "அப்பா, லுக், மாமியும் சித்தப்பாவும் சொன்னது எக்ஸாக்ற்லி கரெக்ற்" என்றாள். பாரிஸில் செவ்வாயும் புதனும் மழை. பிராங்பேர்ட்டில் காலை எட்டு, பின்னேரம் பதினைந்து, வியாழன் மழை. ஒரு டிகிரி பிசகவில்லை.

உடனே தம்பிக்கு எடுத்து, "பேசாத அக்காவின்ர ஊர் மழை உனக்கு எப்பிடியடா தெரியும்?" என்று கேட்டேன். "ஒவ்வொரு நாளும் ரீவியிலை பாக்கிறனான். அக்கா வேலைக்கு பஸ்ஸுக்கு நடக்கிறவ அண்ணை" என்றான்.

பிராங்பேர்ட் குளிர் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்கு ரயில் ரிக்கெற் எடுக்கும்போது உங்களுக்கும் ஒன்று எடுங்கள். குடை ஒன்று கூடுதலாகக் கொண்டுவாருங்கள், அவன் மறந்திருப்பான்.