வாத்து கிடைச்சிடுச்சு

எனக்கு மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வறுமைதான் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்ன வாத்தியாருக்கும் அதில் பங்கு உண்டு. பிறகு எனக்கு அமைந்த தொழில் வாத்து மேய்ப்பது. அறுவடை முடிந்த வயல்களில் சிந்திக் கிடக்கும் நெல்லைத் தேடி, திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போவேன். மாதக்கணக்கில் வயலோரத் தார்ப்பாய்க் கொட்டகையில்தான் வாசம். வாத்துகள் குறுக்குக் கேள்வி கேட்காது. (பதிலும் சொல்லாது, அது வேறு விஷயம்.)

மனைவி தவறிய பிறகு எனக்கு மிச்சம் மகள் ஜெசி. அவள் கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். அவள் பெண் செரினைக் கைக்குழந்தையாகப் பார்த்ததோடு சரி. பேத்திக்குத் தினமும் சாயந்திரம் வாட்ஸ்அப்பில் ஒரு கதையைப் பேசி அனுப்புவேன். போனை வாயருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால் போதும், கதை தானாக வரும். வீடியோவில் கூப்பிட்டால் மட்டும் எங்கள் வயலில் சிக்னல் இருக்காது. (இருக்கும்.)

அப்படிச் சொன்னதில் ஒன்று, மழையில் கூட்டத்தைவிட்டு வழி தவறிய வாத்தின் கதை. ஜெசி அதைத் தன் தோழி கண்மணிக்கு அனுப்பிவிட்டாள். கண்மணி தஞ்சாவூரில் சிறுவர் புத்தகங்கள் போடுகிறவர். அரை மணி நேரக் கதையை வெட்டி, பக்கத்துக்கு ஒரு வரியாக்கி, படங்களோடு என் முன்னால் வைத்தார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மழை பெய்யுறதை எடுத்துட்டீங்களேம்மா?"

"படத்துல பெய்யுதுங்கய்யா. பிள்ளைங்க பாத்துக்கும்."

வாத்து அழுவதையும் காணோம். அதுவும் படத்தில் அழுகிறதாம். "சின்னப் பிள்ளைங்க புத்தகத்துல நம்ம கொஞ்சம் வாயை மூடிக்கணும்ங்கய்யா" என்றார். வாழ்நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டே இருந்தவனிடம் போய் இதைச் சொன்னார்.

புத்தக வெளியீடு தஞ்சாவூரில் ஒரு ஆரம்பப் பள்ளியில். வாத்துகளைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, புதுச் சட்டையும் பையில் பால்கோவாவுமாகப் போய் வாசலில் நின்றேன். எனக்குப் புத்தகம் பெரிதாகத் தெரியவில்லை. ஜெசி செரினை அழைத்துக்கொண்டு வருகிறாள், அதுதான் பெரிது. வந்தார்கள். செரின் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"இது தாத்தா இல்ல. தாத்தா போன்ல இருப்பாரு."

ஜெசி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். பால்கோவாவைச் செரின் வாங்கவில்லை. சரி, மேடையில் கதையை நன்றாகச் சொன்னால் குரலை வைத்தாவது அடையாளம் தெரியும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

கண்மணி பெரிய அளவில் அச்சடித்த படங்களைத் தூக்கிக் காட்டுவார், நான் ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எதிரே தரை முழுக்க முகங்கள். அத்தனையும் என்னையே பார்த்தன. வாத்துகளும் கூட்டமாக இருக்கும்தான், ஆனால் இப்படி ஒருசேரத் திரும்பிப் பார்க்காது. மைக்கைப் பக்கத்தில் இருந்த டீச்சரிடமே திருப்பிக் கொடுத்தேன். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பதிவுப் பொத்தானை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டேன்.

"செரின் கண்ணு, தாத்தா பேசுறேன்."

கதை வந்தது. மொத்தமாக வந்தது, கண்மணி வெட்டியதெல்லாம் சேர்ந்து வந்தது. மழை பிடித்தது, வாய்க்கால் நிரம்பியது, வாத்து அழுதது. பின்னால் பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. ரசிக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மழையைக் கூட்டினேன்.

நடந்ததை ஜெசி பிறகுதான் சொன்னாள். கண்மணி என் கதைக்கு ஏற்றபடி மெதுவாகப் படங்களைக் காட்டப் பார்த்தாராம். பிள்ளைகள் விடவில்லை. அடுத்த படம், அடுத்த படம் என்று கேட்டு, கடைசிப் படத்துக்கே போய்விட்டார்கள். வாத்து கூட்டத்தில் சேர்ந்துவிட்டது, கை தட்டியாகிவிட்டது, பிஸ்கெட்டும் கொடுத்தாகிவிட்டது. நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு, கொட்டும் மழையில் "பா... பா... பா..." என்று அந்த வாத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணைத் திறந்தேன். எனக்கும் சுவருக்கும் நடுவில் செரின் நின்றிருந்தாள், கையில் பாதி பிஸ்கெட்.

"தாத்தா, வாத்து கிடைச்சிடுச்சு. எல்லாரும் பாத்தாச்சு. நீ மட்டும் இன்னும் தேடிக்கிட்டு இருக்க."

என் முகத்தைப் பார்த்துத் தாத்தா என்றாள். நான் "சரிடா கண்ணு" என்று போனுக்குள் சொன்னேன்.

அன்று சாயந்திரமே அவர்கள் ரயிலேறிவிட்டார்கள். வாத்தைப் பற்றிச் செரின் சொன்ன அந்த வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. பெங்களூரில் மாப்பிள்ளை பேச்சை இழுத்தால் ஜெசி அதைத்தான் சொல்கிறாளாம். யாராவது நீளமாக எழுதிக்கொண்டுவந்தால், கண்மணியும் ஓரத்தில் "வாத்து கிடைச்சிடுச்சு" என்று குறித்து அனுப்புகிறாராம்.

நான் திரும்பவும் வயலில்தான் இருக்கிறேன். சாயந்திரம் கதையை அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில நாள் பதில் வராது. வருகிற நாளில் செரின் குரலில் அந்த ஒரே வரிதான் வரும். கதையைச் சுருக்க எனக்கு இப்போது தெரியும், கண்மணி கற்றுக்கொடுத்துவிட்டார். ஆனாலும் கொஞ்சம் கூடுதலாகவே மழை பெய்யவிடுகிறேன். போதும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமே.