தேவசிகாமணி இன்னும் இணைப்பில் இருக்கிறார்

ஒருவர் இறந்துவிட்டால் அவர் வீடு மனைவி பெயருக்கு மாற வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கு ஆட்சேபணை எதுவும் கிடையாது. அவர் இறந்துவிட்டாரா என்பதில்தான் அது அவசரப்படுவதில்லை.

கிளியூரில் எங்கள் வரிசையில் ஐந்து வீடுகள். முதல் வீட்டுத் தேவசிகாமணி, எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர், இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஜீப் அடிவாரம் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கல்லறையில் இறக்கியபோது கடவுள் மறுப்பாளனான நானும் ஒரு பிடி மண் போட்டேன். ஆகவே அவர் இறந்தது எனக்கு நேரடியாகத் தெரியும். நாற்பது வருஷம் துண்டறிக்கை எழுதி, முப்பத்தொரு முறை கைதாகி, ஒரு முறைகூட மன்னிப்புக் கடிதம் தராதவன் நான். என் வார்த்தைக்கு மதிப்பிருக்கும் என்று நம்பி, அவர் மனைவி லூர்துசெல்வியோடு ஆள் இருக்கிறாரா இல்லையா என்று முடிவுசெய்யும் இருப்பு உறுதிப்பாட்டு அலுவலகத்துக்குப் போனேன்.

லூர்துசெல்விக்கு அவசரம். உயிருள்ள ஒருவர் பெயரில் இல்லாத பழைய எஸ்டேட் வீடுகளையெல்லாம் வருஷக் கடைசியில் எடுத்து, சுற்றுலாக் குடில்களாக மாற்றப்போவதாக அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

எழுத்தர் தனலட்சுமி இறப்புச் சான்றிதழை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, உங்க ஊட்டுக்காரர் நேத்துக்கூடப் பத்தாங்கிளாஸ் கணக்குப் பரிட்சை பேப்பர் பார்த்திருக்காருங்க."

புதிய விதிப்படி, ஒருவருடைய மரணத்தை அவருடைய இணைய நிறுவனமும் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். மூடுபனி பிராட்பேண்ட் அனுப்பிய அறிக்கையின்படி, தேவசிகாமணி மரணத்துக்குப் பிறகு மிகவும் சுறுசுறுப்பாகிவிட்டிருந்தார். கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்தில் பப்பாளி சாப்பிடலாமா என்று கேட்கிறார். முடி கொட்டாமலிருக்க எண்ணெய் தேடுகிறார். மோட்டார் சைக்கிள் விலை விசாரிக்கிறார். யாரோ ஒருவரின் புரட்சிப் பக்கத்தைத் தினமும் திறந்து, எத்தனை பேர் படித்தார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறார். அந்தப் பக்கத்தின் பெயரை வாசித்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"செத்தவரு முடி கொட்டுதுன்னு வெசனப்படுவாருங்களா?" என்றார் தனலட்சுமி.

"கர்ப்பமும் அவருக்குத்தானுங்களா?" என்று கேட்டார் லூர்துசெல்வி.

"அது உங்க குடும்ப விசயமுங்க."

நடந்தது இதுதான். எங்கள் பக்கம் செல்போன் சிக்னல் கிடையாது. வரிசைக்கே ஓர் இணைப்பு, தேவசிகாமணி பெயரில். பாஸ்வேர்டு கேட்டு ஆளாளுக்குக் கதவைத் தட்டுகிறார்கள் என்று, அவர் உயிரோடிருந்தபோதே அதைப் பொதுக்குழாய்க்கு மேலே சாக்பீஸால் எழுதிவைத்தார். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் அதையும் கொண்டுபோனார்கள். இப்போது பெயரை மாற்றவோ இணைப்பைத் துண்டிக்கவோ வேண்டுமென்றால் வாடிக்கையாளர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

மூடுபனி நிறுவனத்துக்குப் போனோம். அதன் மேலாளர் கார்த்திக் சேலத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். பார்த்தவற்றின் முழுப்பட்டியலைக் காட்டினால் எது யாருடையது என்று நாங்களே சொல்லிவிடுகிறோம் என்றேன். வாடிக்கையாளரின் அந்தரங்கத்தை மனைவிக்குக்கூடக் காட்டும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்றார். இருப்பு அலுவலகத்துக்கும் முடி எண்ணெய்க் கம்பெனிக்கும் மோட்டார் சைக்கிள் கடைகளுக்கும் மட்டும்தான் கொடுப்பார்களாம்.

"அவர் உழுந்த அன்னைக்கு என்னங்க போட்டிருக்குது?" என்று லூர்துசெல்வி கேட்டார்.

கார்த்திக் தேடிப் பார்த்தார். "அன்னைக்கு ஒண்ணுமில்லீங்க. கேபிள் அறுந்து கெடந்துச்சு."

"ஆமாங்க. ஆம்புலன்சைக் கூப்பிட முடியாம ஜீப்புக்கு ஓடுனது அதனாலதானுங்க."

அந்தப் புகார் பரிசீலனையில் இருப்பதாக அவர் தெரிவித்தார். பிறகு ஒரு வழியும் சொன்னார். தொடர்ந்து தொண்ணூறு நாள் எதையும் பார்க்காத வாடிக்கையாளர் இயல்பாகக் காலமானவராகக் கருதப்படுவார்.

வீடு வீடாகப் போய்ப் பேசினேன். முப்பத்தொரு மறியலிலும் இல்லாத கட்டுப்பாடு அது. பத்தாங்கிளாஸ் ஷீனா கணக்குப் படிக்க டவுனுக்கு பஸ் ஏறினாள். சௌமியா பப்பாளிச் சந்தேகத்தை மாமியாரிடம் கேட்டு, மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாள். கடைசி வீட்டு எல்வின் முடியை அதன் போக்கில் கொட்டவிட்டான். இப்படி எண்பத்தேழு நாள் ஓடியது.

எண்பத்தெட்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. இப்பேர்ப்பட்ட வெற்றி மக்களுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே. 'உளவு தோற்றது, தேவசிகாமணி இறந்தார்' என்று கட்டுரை எழுதி என் பக்கத்தில் ஏற்றினேன். எத்தனை பேர் படித்தார்கள் என்று பதினான்கு முறை திறந்து பார்த்தேன். என் வீடு அதே வரிசையில் மூன்றாவது.

மறுநாள் தனலட்சுமி புதிய அறிக்கையை நிறுத்தி நிதானமாக வாசித்தார். வாடிக்கையாளர் தமது மரணத்தைக் கட்டுரை வாயிலாகத் தாமே உறுதிசெய்துள்ளார். உறுதிசெய்யும் நிலையில் இருப்பதால் அவர் உயிருடன் இருப்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படுகிறது. இனி முதலிலிருந்து தொண்ணூறு நாள். வருஷம் முடிய மூன்று நாள்தான் இருந்தது.

லூர்துசெல்வி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தனலட்சுமி பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஏனுங்க, அவர் உசுரோட இருந்தா எங்க ஊட்டை எடுப்பீங்களா?"

தனலட்சுமி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "அதெப்படிங்க எடுக்கறது? ஓனர்தான் இருக்காருல்ல."

"எத்தனை நாளைக்குங்க?"

"அவரு நெட்டுல எதையாச்சும் பார்த்துக்கிட்டு இருக்கற வரைக்குங்க."

அன்று சாயந்திரமே லூர்துசெல்வி குழாய்க்கு மேலே மங்கிப்போயிருந்த பாஸ்வேர்டைப் புதிதாக எழுதினார். அதன் கீழே எந்தக் கிழமை எந்த வீடு என்று முறை போட்டார். என் பெயர் எல்லாக் கிழமையிலும் இருந்தது.

"உங்களுக்குத் தெனமும் போட்டிருக்குதுங்கண்ணா. எப்படியும் உங்க பக்கத்தை நீங்க பார்த்துட்டுத்தானே இருப்பீங்க."

இப்போது யாராவது முறை தவறினால், கதவைத் தட்டி, தயவுசெய்து உளவு பார்க்கப்படுங்கள் என்று கெஞ்சுவது என் வேலை. வீடு பத்திரமாக இருக்கிறது. கட்டுரையும் வீண்போகவில்லை. படித்தவர் ஒருவர் என்று காட்டுகிறது. யாரென்று விசாரித்தேன். மூடுபனி பிராட்பேண்ட்.