தேசக் கடன் கட்டப் போன வீரபாண்டி

பரளச்சிக்குக் கிழக்கே எங்கள் ஊரில், அம்மன் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி கட்டாத குடும்பம் ஊர்க்கூட்டத்தில் வாயைத் திறக்கக் கூடாது. கட்டிவிட்டால் பந்தலுக்கு எவ்வளவு, கொட்டுக்கு எவ்வளவு என்று யாரையும் கேட்கலாம். உலகத்தில் இதைவிட ஒழுங்கான சட்டம் கிடையாது என்பது என் தாழ்மையான கருத்து.

இந்தச் சட்டத்தை நம்பித்தான் வீரபாண்டி கெட்டார். நாட்டுக் கடனில் ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று டிவியில் சொன்னதைக் கேட்டு, தன் ஆடுகளில் பாதியை விற்று, பணத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு டவுனு பஸ்ஸில் ஏறினார். போன அலுவலகத்தின் பெயரைச் சொன்னால் எனக்குச் சம்மன் வரும். அங்கே இருந்த அதிகாரி ராஜகுரு.

"எந்த லோனு கட்ட வந்தீக? பயிர் லோனா, மாட்டு லோனா?"

"நாட்டு லோனுய்யா. என் பங்கக் கட்டிட்டா நான் கணக்குக் கேக்கலாம்ல?"

ராஜகுரு பேனாவை மூடினார். "என்ன கேக்கணும்?"

"பீரங்கிக்கு எவ்வளவு, நெலாவுக்கு எவ்வளவு? அதுல எங்க கண்மாய் மடைக்கு ஒரு ஷட்டரு தேறுமா? மூணு வருசமா ஒடஞ்சு கெடக்கு. இந்த மழையும் ஓடிப்போச்சுன்னா மொளகாய்க்குத் தண்ணி இல்ல."

"பெரியவரே, எதிரி உள்ள வந்துட்டா என்ன செய்வீக?"

"வரட்டும்யா. தண்ணிக்கு அவனும் எங்க கூடத்தான கொடத்தத் தூக்கணும்?"

"நெலாவுல தண்ணி இருக்கான்னு பாக்க வேணாமா?"

"பாருங்க. அங்கயாவது மடை சரியா இருக்கான்னும் பாத்துக்கங்க."

அந்த அலுவலகத்தில் கடன் கொடுக்க நாற்பது படிவம் இருந்தது. நாட்டின் கடனுக்குப் பணம் வாங்க ஒன்றுகூட இல்லை. ஆகவே 'மேற்படி நபரின் தேசபக்தியை நேரில் ஆய்வு செய்ய' ஒன்பது பேர் குழு மூன்று ஜீப்பில் எங்கள் ஊருக்கு வந்தது. உடைந்த மடைமேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. பிறகு கடிதம் வந்தது. ஆய்வுச் செலவுக்குக் கடன் வாங்கியதில் ஆளுக்கான பங்கு சற்று உயர்ந்துவிட்டதாம். கடன் கட்டும் வசதி படைத்த ஊர் என்பதால் எங்கள் ரேஷன் கார்டுகள் எல்லாம் மறு ஆய்வுக்கு உட்பட்டவையாம்.

ஊர் கூடியது. "இவுகள யாரு கட்டச் சொன்னா?" என்று தங்கமாரி அக்கா கொதித்தார். மஞ்சப்பை முழுசும் தெண்டமாகப் பிடுங்கப்பட்டது.

"அந்தக் காசுல ஷட்டராவது போட்ருங்கய்யா," என்றார் வீரபாண்டி. எனக்கே பாவமாக இருந்தது.

யோசித்தோம். பக்கத்து ஊர்க்காரன் போன வருசம் விட்ட வாணம் எங்கள் கோயில் கோபுரத்தைத் தாண்டிப் போனதை யாரும் மறக்கவில்லை. அதைவிடப் பெரிய வாணத்துக்குத் தெண்டக் காசு கொஞ்சம் பற்றவில்லை. ஊர்ப் பேரில் வட்டிக்கு வாங்கினோம்.

ஐப்பசி மழை கொட்டிக் கண்மாய் நிறைந்த வாரத்தில் அம்மன் பொங்கல். எங்கள் வாணம் அவன் ஊருக்கும் மேலே போய் வெடித்தது. உடைந்த மடை வழியாகத் தண்ணீர் வீணாக ஓடும் சத்தம் கேட்காத அளவுக்குக் கைதட்டினோம். வீரபாண்டியும் அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்.